மூன்றரை வருடம் வீட்டு காக்பிட்டில்: ஆட்டோபைலட்டுக்குக் காவல் இருந்த கதை

தர்மபுரியில் பென்னாகரம் ரோட்டுப் பக்கம் எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு ஏர்பஸ் ஏ320 விமானம் நிற்கிறது. பழைய கம்ப்யூட்டர் மேசை, 32 இன்ச் டிவி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டு, ஒரு ஜாய்ஸ்டிக், ஒரு த்ராட்டில் பெட்டி, அவ்வளவுதான். மென்பொருள் 2020 ஆகஸ்டில் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர். விமானம் ஃப்ளைபைவயர் என்ற குழு இலவசமாகத் தரும் ஏ320நியோ. மூன்றரை வருடமாக வாரத்தில் நாலு ராத்திரியாவது சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ பெங்களூருக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஓட்டுகிறேன் என்று சொல்வதுகூட அதிகம். தரையைவிட்டுக் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் ஆட்டோபைலட்டைப் போட்டால், மறுபடி ஜாய்ஸ்டிக்கைத் தொடுவது இறங்கும் முன் கடைசி இரண்டு நிமிடத்தில்தான். மாமா ஒரு தடவை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். அரை மணி நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் அதுவே பாத்துக்குது. அப்புறம் நீ எதுக்குப்பா உக்காந்திருக்க?" என்றார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

முதலில் சாமான்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜாய்ஸ்டிக்கில் இதுவரை ஒரு குறையும் இல்லை. த்ராட்டில் பெட்டிதான் ஒன்றரை வருடத்தில் தகராறு செய்தது. லீவர் அசையாமல் இருக்கும்போதே திரையில் எண் நடுங்கும். விற்ற கடைக்காரர் வாரண்டி முடிந்தது என்று கையை விரித்துவிட்டார். பிரித்து, உள்ளே காண்டாக்ட் கிளீனர் அடித்த பிறகு சரியானது. யூபிஎஸ் கட்டாயம் வேண்டும். எங்கள் பக்கம் கரண்ட் போக நேரம் காலம் கிடையாது.

த்ராட்டில் பற்றி ஒரு வேடிக்கை. ஏர்பஸ்ஸில் லீவரை 'கிளைம்' பள்ளத்தில் வைத்துவிட்டால், இறங்கும் கடைசி நொடிகள் வரை அது அங்கேயே நிற்கும். உள்ளே ஆட்டோத்ரஸ்ட் என்ஜினை ஏற்றும், இறக்கும், லீவர் மட்டும் நகராது. போயிங்கில் லீவரும் சேர்ந்து நகரும், கைக்குத் தெரியும். ஏர்பஸ்ஸில் கைக்கு எதுவும் தெரியாது, கண்ணால் பார்த்தால்தான் உண்டு. பார்க்க வேண்டிய இடம் முதன்மைத் திரையின் உச்சியில் இருக்கும் ஒரு சின்னப் பட்டை. எஃப்எம்ஏ என்பார்கள். என்ஜின் என்ன செய்கிறது, மேலே கீழே போவது எந்த முறையில், திசை எந்த முறையில், எது ஆனில் இருக்கிறது என்று ஐந்து கட்டங்களில் எழுதியிருக்கும். நடப்பது பச்சையில், அடுத்து வரக் காத்திருப்பது நீலத்தில். முறை மாறினால் அந்த எழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக் கட்டம் பத்து நொடி நிற்கும், பிறகு மறைந்துவிடும். அந்தப் பத்து நொடியில் நான் காபி டம்ளரைத் தேடிக்கொண்டிருந்தால் போச்சு.

முதல் வருடம் முழுக்க அந்தப் பட்டையை நான் மதித்ததே இல்லை. பட்டனை அழுத்தினேன், அது செய்திருக்கும் என்று இருந்தேன். இரண்டாம் வருடம் ஜூலையில் ஒரு ராத்திரி புத்தி வந்தது.

சென்னையிலிருந்து பெங்களூரு. விமானக் கட்டுப்பாட்டாளர்கள் 6,000 அடிக்கு இறங்கச் சொன்னார்கள். மவுஸ் சக்கரத்தால் உயரக் குமிழைத் திருப்பி, இழுத்தேன். 'ஓபன் டிசென்ட்' வந்தது. இந்த முறையில் என்ஜின் ஐடிலுக்குப் போய்விடும். மூக்கை ஏற்றி இறக்கி வேகத்தைப் பிடித்துக்கொண்டு, நாம் வைத்த உயரம் வரும்வரை இறங்கிக்கொண்டே இருக்கும். வழியில் போட்டு வைத்திருக்கும் உயரக் கட்டுப்பாடுகளை அது கண்டுகொள்ளாது. சரி, போகட்டும் என்று போனை எடுத்து ஆபீஸ் குரூப்பில் ஒருவருக்குப் பதில் எழுதினேன். நடுவில் விமானத்தின் குரல், தரையிலிருந்து இரண்டாயிரத்து ஐநூறு அடி என்றது. பழகிய குரல்தானே, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று மனதுக்கு இதமாகக்கூட இருந்தது.

பெங்களூரு விமான நிலையமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடியில் இருக்கிறது. 6,000 அடியில் நின்றிருந்தால் அந்தக் குரல் வந்திருக்கவே கூடாது. தலையைத் தூக்கிப் பார்த்தபோது 4,000 அடியில் சமமாகப் பறந்துகொண்டிருந்தேன். சக்கரம் இரண்டு சொடுக்கு கூடுதலாகச் சுற்றியிருக்கிறது. கீழே ஏரியும் வீடுகளும் அவ்வளவு பக்கத்தில். வடக்கே இருக்கும் நந்தி மலை 4,800 அடிக்கும் மேல். அந்தப் பக்கம் திருப்பியிருந்தால் கதை வேறு. இயந்திரம் ஒரு தப்பும் செய்யவில்லை. நான் வைத்த எண்ணுக்கு அது அச்சுப் பிசகாமல் போய் நின்றது.

பிறகு தேடிப் படித்தபோதுதான், இதே 'ஓபன் டிசென்ட்' நம் பக்கத்து ஊரிலேயே உயிர்களைக் கொண்டுபோனது தெரிந்தது. 1990 பிப்ரவரி 14, பம்பாயிலிருந்து பெங்களூரு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605. அப்போது ஏ320 இங்கே புதுசு. பழைய எச்ஏஎல் விமான நிலையத்தில் இறங்கும்போது என்ஜின்கள் ஐடிலில், வேகமும் உயரமும் குறைந்துகொண்டே வந்ததை விமானிகள் உணர்ந்து பவர் கொடுப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. ஓடுபாதைக்கு முன்னால் கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். ஐடிலில் கிடக்கும் ஜெட் என்ஜின் லீவரைத் தள்ளிய உடனே பாயாது, வேகம் பிடிக்கச் சில நொடிகள் ஆகும். அந்த நொடிகள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இதை மாமாவிடம் சொன்னேன். சட்டென்று பிடித்துக்கொண்டார். "தொப்பூர் இறக்கத்துல டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விடுவானுங்களே, அந்த மாதிரி. வண்டி தானா ஓடுதுன்னு சந்தோஷமா இருக்கும். பிரேக் காய்ஞ்சப்புறம்தான் என்ஜின் ஞாபகம் வரும்." பொருத்தம் முழுசாகச் சரியில்லைதான். ஆனால் இத்தனை நாள் படித்ததில் எனக்கு இவ்வளவு சீக்கிரம் எதுவும் புரிந்ததில்லை.

நான் வேலை செய்வது காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில். சீசனில் ஸ்டெரிலைசர் வெப்பநிலையை அரை மணிக்கொரு தடவை லாக்புக்கில் எழுத வேண்டும். பார்க்காமலே 'ஓகே' எழுதிய ஆட்களை எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் நானே எழுதியிருக்கிறேன். சோம்பேறித்தனம் என்று அப்போது திட்டு வாங்கினேன். முழுக்க அப்படி இல்லை. 1940களில் மேக்வொர்த் என்ற ஆய்வாளர் இங்கிலாந்தில் ஒரு சோதனை செய்தார். ஒரு முள் சுற்றிக்கொண்டே இருக்கும், எப்போதாவது ஒரு தடவை இரட்டைத் தாவல் தாவும், அதைக் கண்டு சொல்ல வேண்டும். அரை மணி நேரத்துக்குள்ளேயே ஆட்கள் தவறவிட ஆரம்பித்துவிட்டார்கள். எதுவும் நடக்காததை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க மனிதக் கண்ணுக்கு வராது. அதனால்தான் நிஜ விமானத்தில் ஒருவர் ஓட்ட, மற்றவர் கண்காணிப்பவர் என்றே பொறுப்பைப் பிரித்திருக்கிறார்கள். எஃப்எம்ஏ மாறினால் வாய்விட்டுப் படிக்க வேண்டும், மற்றவர் பார்த்துவிட்டு 'செக்ட்' சொல்ல வேண்டும்.

ஜூலைக்குப் பிறகு நானும் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். தனியறையில் "த்ரஸ்ட் ஐடில், ஓபன் டிசென்ட், நேவ்" என்று சத்தமாகச் சொன்னால் மனைவிக்குப் பயம் வரத்தானே செய்யும். இப்போது எட்டாவது படிக்கும் மகள் சனிக்கிழமைகளில் பக்கத்து நாற்காலியில் உட்கார்கிறாள். அவளுக்கு விமானம் ஓட்டத் தெரியாது. பச்சை எழுத்து மாறினால் சொல்ல வேண்டும், அதுதான் வேலை. இரண்டாவது வாரமே, "அப்பா, நேவ் போயி ஹெடிங் வந்திருக்கு" என்றாள். நேவ் என்றால் போட்டு வைத்த பாதையில் போவது, ஹெடிங் என்றால் ஒரே திசையில் போவது. பாதையில் ஒரு இடைவெளி விட்டு வைத்திருந்தேன். அங்கே போனதும் வழி தெரியாமல் விமானம் அப்படியே நேராகப் போய்க்கொண்டிருந்தது. நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் கவனிக்கவில்லை.

இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. நாலு தடவைக்கு ஒரு தடவை ஆட்டோபைலட், ஆட்டோத்ரஸ்ட் இரண்டையும் அணைத்துவிட்டுக் கையால் இறக்குகிறேன். 2013 ஜனவரியில் அமெரிக்க விமானத் துறையே கையால் ஓட்டும் பழக்கத்தை ஊக்குவிக்கும்படி நிறுவனங்களுக்கு எழுதியது. முதல் சில தடவை ஓடுபாதையே கிடைக்கவில்லை. இப்போது எந்தப் பவருக்கு என்ன வேகம் வரும் என்று ஒரு கணக்கு மனதில் இருப்பதால், ஆட்டோவில் போகும்போது எண் கொஞ்சம் பிசகினாலும் உறுத்துகிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று: விலை உயர்ந்த த்ராட்டிலுக்குப் பணம் போடாதீர்கள், ஏர்பஸ்ஸில் அது சும்மாதான் நிற்கும். எழுத்து தெளிவாகத் தெரிகிற திரைக்குப் போடுங்கள். எஃப்எம்ஏ எழுத்து என் டிவியில் இன்னும் கொஞ்சம் மங்கல்தான்.

கவனிக்காமல் விட்டதையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைக்கிறேன். போன மாதம் நாலு வரி. இந்த மாதம் பதினொன்று, அதில் எட்டு மகள் கையெழுத்து.