சளிப் பரிசோதனைக்கு இரண்டு லேப் போனோம்: ஒன்றில் டப்பா கொடுத்தார்கள், இன்னொன்றில் சொல்லிக் கொடுத்தார்கள்

அப்பாவுக்கு ஒரு மாதத்துக்கும் மேல் இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், உடம்பும் இளைத்துக்கொண்டே வந்தது. டிபி இருக்கிறதா என்று சளி பார்க்கச் சொன்னார் டாக்டர். முதலில் போன லேபில் (பெயர் வேண்டாம்) டப்பாவை நீட்டி "சளி பிடிச்சுக் கொடுங்க" என்றார்கள், அவ்வளவுதான். அப்பா பாத்ரூமுக்குப் போய் இரண்டு தடவை துப்பிவிட்டு வந்தார். டப்பாவில் தண்ணீர் மாதிரி ஏதோ, மேலே நுரை. சுத்தமான எச்சில். அதை ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் ஸ்மியர் (சளியைக் கண்ணாடியில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) நெகட்டிவ் என்று ரிப்போர்ட். அந்த நிம்மதியில் மூன்று வாரம் ஓடிப்போனது, இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. மைக்ரோஸ்கோப்பில் கிருமி கண்ணில் பட, ஒரு மில்லி சளியில் சுமார் 5,000 முதல் 10,000 வரை இருக்க வேண்டுமாம். எச்சிலில் தேடினால் எங்கிருந்து கிடைக்கும்?

இரண்டாவது லேப் வேறு மாதிரி. அங்கிருந்த டெக்னீஷியன் அம்மா டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது எச்சில்ங்க, நெஞ்சுக்குள்ள இருந்து வரணும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்புறம் அப்பாவை வெளியே காற்றோட்டமான இடத்துக்குக் கூட்டிப்போய், வாயைக் கொப்பளிக்க வைத்து, மூச்சை ஆழமாக இழுத்து நிறுத்தி விடச் சொல்லி, இரண்டு மூன்று முறை அப்படிச் செய்தபின் அடிவயிற்றிலிருந்து இருமச் சொன்னார். அன்றைக்கு சரியாக வரவில்லை. "நாளைக்குக் காலையில எழுந்ததும் எடுங்க, இந்தக் கோடு வரைக்கும்" என்று டப்பாவில் கோடு போட்டுக் காட்டினார், 3 முதல் 5 மில்லி வரும். மறுநாள் மஞ்சளாக, கெட்டியாக வந்தது. மூடி மாறிப்போகும் என்பதால் பெயரை டப்பாவின் பக்கவாட்டில்தான் எழுதினார், அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

ஜீன்எக்ஸ்பர்ட் அல்ட்ரா பார்த்தார்கள், டிபி கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் மெஷின் டெஸ்ட் அது. சளியோடு இரண்டு மடங்கு ரசாயனத்தைக் கலந்து, 15 நிமிடம் வைத்திருந்து, கார்ட்ரிட்ஜில் ஊற்றி மெஷினில் போடுகிறார்கள். ஓட்டம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. கிருமி இருந்தது, டிபிக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மருந்துக்கு அதனிடம் எதிர்ப்பு இல்லை. அன்றைக்கே தெரிந்ததால் அடுத்த நாளே மாத்திரை ஆரம்பித்தாயிற்று. கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) போட்டார்கள். திரவ ஊடகத்தில் 42 நாள் வரை வைத்துப் பார்ப்பார்கள், எங்களுக்கு இரண்டாவது வாரமே வளர்ந்துவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. ரிப்போர்ட்டில் 'மீடியம்' என்று போட்டிருந்ததை யாரும் விளக்கவில்லை, அது கிருமியின் அளவைச் சொல்கிறது என்று டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. மருந்து பாதி வேலை செய்கிறது போல என்று அப்பா பயந்தே போய்விட்டார். அதைவிடப் பெரிய குறை காத்திருக்கும் ஹால். ஜன்னல் எல்லாம் சாத்தி, ஏசி போட்டு, இருமுகிறவர்களையும் கைக்குழந்தையோடு வந்தவர்களையும் ஒரே வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். சளி எடுக்க மட்டும் வெளியே அனுப்பத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாதா? தயவுசெய்து ஜன்னலையாவது திறந்து வையுங்கள்.

இரண்டு மாத மருந்து முடிந்ததும், அதே மெஷினில் மறுபடி பார்த்துவிடலாமே என்று நான்தான் கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார் அந்த அம்மா. செத்த கிருமியின் டிஎன்ஏவையும் அது பிடித்துவிடும், மருந்து கேட்கிறதா என்று பார்க்க ஸ்மியரும் கல்ச்சரும்தான் சரி என்றார். அந்த நேரத்தில் இருமலே குறைந்துவிட்டதால் சளி வருவது பெரும்பாடு, ஒரு டப்பாவை அப்போதும் திருப்பி அனுப்பினார். அடுத்த நாள் எடுத்துப்போனதில் ஸ்மியர் நெகட்டிவ், கல்ச்சரிலும் பிறகு எதுவும் வளரவில்லை. இந்தத் தடவை நம்பினேன், டப்பாவில் என்ன இருந்தது என்று நானே பார்த்துத்தான் கொண்டுபோயிருந்தேன்.