ஷாஃபர் பத்திக்கு விக்கிப்பீடியாவில் தனிப் பக்கம் தேவையா?

அமெரிக்கப் பள்ளிகளில் படித்த சிலரிடம் 'ஒரு சி.டி., இரண்டு சி.எம்.' என்று சொன்னால் பழைய ஆங்கில வகுப்பு ஞாபகம் வந்து முகம் சுளிப்பார்கள். சான் டியேகோ ஆசிரியை ஜேன் ஷாஃபர் உருவாக்கிய பத்தி எழுதும் முறை அது. முதலில் மையக் கருத்து, அடுத்து ஒரு ஆதாரம் (இதுதான் சி.டி., அதாவது 'கான்கிரீட் டீட்டெய்ல்'), அந்த ஆதாரத்தைப் பற்றி மாணவரின் விளக்கமாக இரண்டு வாக்கியம் (சி.எம்., அதாவது 'காமென்டரி'), கடைசியில் முடிப்பு. ஆக மொத்தம் ஐந்து வாக்கியம்.

இப்படி வரும்: "கதையில் வரும் தாத்தா பிடிவாதக்காரர். கொட்டும் மழையிலும் தனி ஆளாக வேலியைக் கட்டி முடிக்கிறார். உதவி கேட்பதே தோல்வி என்பது அவர் எண்ணம். வேலி உறுதியாக நிற்பதைவிடத் தானே கட்டினோம் என்பதுதான் அவருக்குப் பெரிது. அந்தப் பிடிவாதம்தான் அவரைத் தனிமையில் தள்ளுகிறது."

மோசமில்லை. ஆனால் முப்பது பேரும் இதே தாளத்தில் எழுதிக் கொடுத்தால் திருத்துகிறவர் கதி என்ன?

சரி, இந்த முறைக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் தனிப் பக்கம் தகுமா? (தமிழில் பள்ளிப் பிள்ளை எழுதுவதும் கட்டுரை, விக்கியில் இருப்பதும் கட்டுரை என்பதால், குழப்பம் வேண்டாம் என்று பின்னதைப் பக்கம் என்றே சொல்கிறேன்.) ஒரு பக்கத்தை நீக்கலாமா என்று விக்கி பயனர்கள் பேசும் நீக்கல் விவாதம் வந்தால் வழக்கமாக ஏழு நாள் ஓடும். முடித்து வைப்பவர் கைகளை எண்ணக் கூடாது, வாதத்தைத்தான் எடைபோட வேண்டும்.

நீக்கச் சொல்பவர்களின் வாதம் லேசானதல்ல. தேடினால் வந்து குவிவதெல்லாம் வகுப்பில் கொடுத்த தாள்கள், பயிற்சி ஏடுகள், முறையை விற்பவர்களே எழுதிய விளக்கங்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே. ஆயிரம் ஆசிரியர்கள் அதே தாளை நகலெடுத்துக் கொடுத்தார்கள் என்றால் முறை பரவியிருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். சம்பந்தமில்லாத யாராவது உட்கார்ந்து அதைப் பற்றி விரிவாக எழுதினார்களா என்பதுதான் விக்கியின் கேள்வி.

எழுதியிருக்கிறார், அதுவும் திட்டி. அமெரிக்க ஆங்கில ஆசிரியர்களின் தேசிய மன்றம் நடத்தும் 'இங்கிலிஷ் ஜர்னல்' இதழில் 2000-ல் மார்க் வைலி என்பவர், வாய்பாட்டு எழுத்து (எல்லோரும் ஒரே அச்சில் வார்த்து எழுதுவது) ஏன் இவ்வளவு பரவுகிறது, அதை ஏன் எதிர்க்க வேண்டும் என்று எழுதினார். ஷாஃபர் முறைதான் அதில் முக்கிய உதாரணம். வைத்துக்கொள்ளச் சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது, ஏனென்றால் பாராட்டை விலைக்கு வாங்கலாம், ஒரு முறையைப் பிடிக்காத ஆள் மெனக்கெட்டு எழுதும் விமர்சனத்தை வாங்க முடியாது. முறை நல்லதா கெட்டதா என்பது இங்கே பேச்சே இல்லை. கெட்ட முறைக்கும் பக்கம் இருக்கலாம்.

ஆனால் எழுதக் கற்றுக்கொடுக்கும் மற்ற முறைகளோடு ஒப்பிட்டால், வெளிச் சான்று விஷயத்தில் ஷாஃபர் மெலிந்துதான் தெரிகிறது. ஹோக்மன் முறையை எடுத்துக்கொள்ளுங்கள்: நியூயார்க் நகரத்து ஸ்டேட்டன் தீவின் நியூ டார்ப் பள்ளி அதைக் கையாண்ட கதையை 2012-ல் 'அட்லாண்டிக்' இதழ் நீளமாகவே எழுதியது. கேரன் ஹாரிஸும் ஸ்டீவ் கிரஹாமும் வளர்த்தெடுத்த, சுருக்கமாக எஸ்.ஆர்.எஸ்.டி. எனப்படும் எழுத்துப் பயிற்சி முறைக்கோ ஆய்வுகளுக்குப் பஞ்சமே இல்லை.

வைப்பது, நீக்குவது தவிர இன்னொரு வழி வரைவுக்கு நகர்த்துவது, அதாவது பக்கத்தைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்து, திருத்தி மேம்படுத்தும் இடத்தில் வைப்பது. கேட்க மரியாதையாக இருக்கும். ஆனால் ஆறு மாதம் யாரும் கை வைக்காவிட்டால் வரைவு அழிக்கப்படலாம், அப்புறம் அது மெதுவாக நடக்கும் நீக்கம்தான்.

மிச்சம் இருப்பது ஒன்றிணைப்பு, அதாவது இதன் சாரத்தை வேறொரு பக்கத்தில் சேர்ப்பது. எதோடு? பத்தி பற்றிய பொதுப் பக்கத்தில் ஒரு அமெரிக்க வகுப்பறை முறையைக் கொண்டுபோய் வைத்தால் ஒட்டகத்துக்குக் கூடாரத்தில் இடம் கொடுத்த கதையாகிவிடும். ஐந்து பத்திக் கட்டுரைக்கு ஏற்கெனவே பக்கம் இருக்கிறது. அது முழுக் கட்டுரைக்கான அச்சு, இது ஒரு பத்திக்குள் அடங்கும் அச்சு, இரண்டும் வேறு என்று ஆட்சேபிக்கலாம். முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கையில் இருக்கும் கனமான வெளிச் சான்று ஷாஃபரைத் தனியாக நிறுத்திப் பேசவில்லை, வாய்பாட்டு எழுத்து என்ற பெரிய விஷயத்தின் உதாரணமாகத்தான் பேசுகிறது. சான்று எப்படிப் பார்க்கிறதோ அப்படியே நாமும் வைப்பதுதான் முறை.

அதனால் என் ஓட்டு ஐந்து பத்திக் கட்டுரைப் பக்கத்தோடு ஒன்றிணைப்பதற்கு, பழைய தலைப்பைத் தேடுகிறவரை அங்கே கொண்டுபோய்விடும் வழிமாற்றாக அது இருக்கட்டும். பழைய திருத்தங்கள் பக்கத்தின் வரலாற்றில் அப்படியே கிடக்கும், வைலி அளவுக்கு விரிவாக இன்னொருவர் எழுதியது கிடைத்த அன்றைக்கே மீட்டுத் தனியாகப் பிரித்துவிடலாம். அதுவரை யார் உருவாக்கியது, ஐந்து வாக்கிய அமைப்பு, ஒன்றுக்கு இரண்டு கணக்கு, 2000-ல் வந்த எதிர்ப்பு என்று நாலு வரி போதும். ஆதாரத்துக்குச் சிவப்பு மை, விளக்கத்துக்குப் பச்சை மை என்ற வழிகாட்டலெல்லாம் வேண்டாம், விக்கி என்ன பயிற்சிக் கையேடா?