அசல் அளவில் ஆதிகாலப் படக்கதைகள்: வாங்கலாமா?

அமெரிக்கப் பத்திரிகைகளின் தொடக்ககாலப் படக்கதைப் பக்கங்களை அந்தப் பத்திரிகை அளவிலேயே மறுபதிப்புச் செய்த தொகுப்பு இது. விலை கூடுதல்தான். சிவகாசியில் ஆப்செட் மிஷினோடு காலம் தள்ளியவன் நான். கதைக்கு முன்னால் கண் ரெஜிஸ்டருக்குத்தான், அதாவது நிறங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தி விழுந்திருக்கின்றனவா என்பதற்குத்தான் போனது. சிவப்பு மை படத்தின் வரைகோட்டைத் தாண்டி வழிந்த இடங்களை அப்படியே விட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் மினுக்காமல் விட்டதற்கே பாராட்டலாம்.

முதலில் மஞ்சள் பையன். ரிச்சர்ட் அவுட்கால்ட் வரைந்த மொட்டைத்தலைச் சேரிப் பையன், பத்திரிகை முதலாளி புலிட்சரின் 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகைக்கு 1895-ல் வந்தவன். மறு வருஷமே போட்டிப் பத்திரிகை முதலாளி ஹர்ஸ்ட் ஓவியரைத் தன் 'ஜர்னல்' பத்திரிகைக்கு இழுத்துக்கொண்டார். புலிட்சர் சும்மா இருப்பாரா? ஜார்ஜ் லக்ஸ் என்ற வேறோர் ஓவியரை வைத்து அதே பையனை வரையவைத்தார். பையன் பேசுவதெல்லாம் அவன் சட்டையில் எழுதியிருக்கும். 1896 அக்டோபர் 25 பக்கத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள். ஒலிப்பெட்டி ஒன்று தானாகப் பேசுகிறது. கடைசியில் பார்த்தால் உள்ளே இருந்தது ஒரு கிளி! திடுக்கிட்ட பையனின் பேச்சு சட்டையை விட்டு, வாயருகே பேச்சை எழுதும் பலூனுக்குத் தாவுகிறது. அவன் பேசுவது சேரிக் கொச்சை, வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபடும்.

முன்னுரைதான் சொதப்பல். மஞ்சள் மை காய்கிறதா என்று சோதிக்கவே சட்டைக்கு மஞ்சள் அடித்தார்கள் என்ற பழங்கதையை அப்படியே ஒப்பிக்கிறது. 'வேர்ல்ட்' அதற்கு முன்பே மஞ்சள் அச்சடித்துக்கொண்டிருந்தது.

ருடால்ஃப் டர்க்ஸின் 'காட்ஸன்ஜாமர்' வால்பையன்கள் (1897) கொஞ்சம் பார்த்ததும் அலுத்துவிட்டார்கள். அடி, உதை, மறுபடி அடி.

காசுக்கு ஈடு வின்சர் மெக்கே வரைந்த 'லிட்டில் நெமோ'தான். 'நியூயார்க் ஹெரால்ட்' பத்திரிகையில் 1905 அக்டோபரில் தொடங்கியது. 1908 ஜூலை 26 பக்கத்தில், கனவு காணும் சிறுவன் நெமோவின் கட்டிலுக்குக் கால் முளைத்து ஊருக்கு மேல் நடக்கிறது. கால் நீள நீளக் கட்டங்களும் நீள்கின்றன. போனில் பார்த்தால் இந்த வேலைப்பாடு கண்ணில் படவே படாது. இரவு வானத்தின் நீலத்தை அத்தனை வேக மிஷினில், மட்டமான நியூஸ்பிரிண்ட்டில் எப்படிப் பிடித்தார்களோ! இங்கே தாள் கொஞ்சம் தடிமன், மை உறிஞ்சாமல் நிற்கிறது.

அப்புறம் தினசரி வந்த கறுப்பு வெள்ளைத் துண்டுப் படக்கதைகள். பட் ஃபிஷர் 1907-ல் 'சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள்' பத்திரிகையில் தொடங்கிய 'மட்' கதையை ஒரே பக்கத்தில் நெருக்கியடித்துப் போட்டிருக்கிறார்கள். எழுத்துக்குப் பூதக்கண்ணாடி வேண்டும்.

முத்து காமிக்ஸில் வேதாளரையும் மாண்ட்ரேக்கையும் படித்தவர்கள் அவர்களைத் தேடி இதை வாங்க வேண்டாம். அவர்களை ஊர் ஊராக விற்றது, பத்திரிகைகளுக்குப் படக்கதை வழங்கும் ஹர்ஸ்டின் நிறுவனமான கிங் ஃபீச்சர்ஸ்தான், ஆனால் இந்தத் தொகுப்பு அதற்கு வெகு முன்பே முடிந்துவிடுகிறது. பழைய பிரதி கிடைத்தால் நெமோ பக்கங்களின் நடுமடிப்பு கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.