ஏற்காடு: ஏரியைப் பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள்

ஏற்காடு போகலாமா என்று யார் கேட்டாலும், என்றைக்குப் போகிறீர்கள் என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். செவ்வாய், புதன், வியாழன் என்றால் தயங்காமல் கிளம்பலாம், ஐந்துக்கு நாலு மார்க் தாராளமாகக் கொடுப்பேன். சனி ஞாயிறு, அதுவும் மே மாதத்துச் சனி ஞாயிறு என்றால் ரெண்டுக்கு மேல் கொடுக்க மனசு வராது. ஏரி, அதன் ஓரமாக அண்ணா பூங்கா, ஒண்டிக்கடை ரவுண்டானா, ஒரு கடைத்தெரு, அவ்வளவுதான் ஊரின் மையம். சேலம், ஈரோடு, பெங்களூரு வண்டிகள் எல்லாம் ஒரே காலையில் மலையேறி வந்தால் இந்த ஊர் தாங்காது. அன்றைக்கு நீங்கள் பார்ப்பது ஏற்காட்டை இல்லை, முன்னால் நிற்கும் காரின் பின்பக்கத்தை.

போய்ச் சேருவது சுலபம். சென்னையில் ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிவதற்கு முன்பே சேலம் ஜங்ஷனில் இறங்கிவிடலாம். அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். சேலத்திலிருந்து அரசுப் பேருந்து இருக்கிறது, மலைப்பாதை பழக்கமில்லாதவர்கள் அதிலேயே போவது நல்லது. சொந்த வண்டி என்றால் ஒன்றே ஒன்று: இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் இரண்டாம் கியரில் இறங்குங்கள், ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள். அப்புறம் வழியில் குரங்குகளுக்கு பிஸ்கட் போடாதீர்கள், தயவுசெய்து. அந்தப் பழக்கத்தால்தான் அவை ரோட்டுக்கு நடுவே வந்து அடிபடுகின்றன.

இப்போது ஏரிக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த ஊரில் என்ன பார்க்கலாம், எதை விட்டுவிடலாம் என்பதை ஏரியே சொல்லிவிடும். பலருக்குத் தெரியாத விஷயம், கிளியூர் அருவியில் விழுவது இந்த ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான். சுமார் 300 அடி உயர அருவி, நல்ல மழைக்குப் பிறகு பார்த்தால் மறக்கவே முடியாது. ஆனால் ஏரி தளும்பாத மாதத்தில் போனால், செங்குத்தான படிகளில் மூச்சு வாங்க இறங்கி, ஈரம்பட்ட பாறையைப் பார்த்துவிட்டு அதே படிகளில் ஏறி வரவேண்டியதுதான். முட்டி வலி இருக்கும் அம்மா அப்பாவை ஏப்ரல் மாதத்தில் அங்கே கூட்டிக்கொண்டு போவதில் எந்த நியாயமும் இல்லை. அதனால் ஊருக்குள் நுழைந்ததும் ஏரியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள், உபரித் தண்ணீர் போகிறதா என்று பக்கத்துக் கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள், அதற்குப் பிறகு அருவியைப் பற்றி முடிவு செய்யுங்கள்.

படகு சவாரிக்குக் காலை நேரம்தான் சரி. மிதிபடகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு எல்லாம் உண்டு. என்னைக் கேட்டால் துடுப்புப் படகு. மோட்டார் படகு ஒரு வட்டம் அடித்துவிட்டு இறக்கிவிட்டுவிடும், துடுப்புப் படகில்தான் நீரின் மேல் பனி விலகுவதை நிதானமாகப் பார்க்க முடியும்.

எந்த மாதம் என்று கேட்டால் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. மே மாதம் கோடை விழா, மலர்க் கண்காட்சி, குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், கூட்டமும் அதற்கேற்ற மாதிரி. மார்ச், ஏப்ரலில் கோடை மழை ஒன்று விழுந்த சில நாட்களில் காபித் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்து நிற்கும், மல்லிகையைப் போன்ற வாசனை, சில நாட்கள்தான் இருக்கும். அது கிடைத்தால் வேறு எதுவுமே பார்க்க வேண்டாம் என்பேன். எனக்குப் பிடித்தது மழை ஓய்ந்த டிசம்பர் கடைசி, ஜனவரி. பழம் பறிக்கும் காலம், குளிர் நன்றாக இருக்கும், வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் மேட்டூர் அணைத் தண்ணீர் வரை தெரியும். வடகிழக்குப் பருவமழை நடுவில் மட்டும் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுபோனது நினைவிருக்கும்.

தங்குவதில் ஒரு எச்சரிக்கை. 'லேக் வியூ' என்று போட்டிருந்த ஒரு விடுதியில் நாங்கள் தங்கினோம், ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிதான் தெரிந்தது. ஏரியைப் பார்க்க மொட்டை மாடிக்குப் போகச் சொன்னார்கள். கோபம் வந்தது, காசு போனது போனதுதான். முன்பதிவு செய்யும் முன் எந்த அறை, எந்த மாடி, எந்தப் பக்கம் ஜன்னல் என்று போனில் கேட்டு, அறையிலிருந்து எடுத்த படத்தை அனுப்பச் சொல்லுங்கள். சுற்றுலாத் துறையின் ஹோட்டல் தமிழ்நாடு ஏரிக்குப் பக்கத்திலேயே இருப்பதால், வண்டி இல்லாமல் வருகிறவர்கள் முதலில் அங்கே விசாரிக்கலாம். ஊரைவிட்டுத் தள்ளி எஸ்டேட் வீடுகளும் வாடகைக்குக் கிடைக்கின்றன, அமைதி வேண்டுமானால் அவைதான், ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கடைகள் சீக்கிரமே மூடிவிடுகிற ஊர் இது.

வியூ பாயிண்ட்களைப் பற்றி நிறைய சொல்வதற்கில்லை. லேடீஸ் சீட்டுக்குப் பகலில் போவதைவிட இருட்டிய பிறகு போங்கள், கீழே சேலம் முழுவதும் விளக்காக விரிந்து கிடக்கும். பகோடா பாயிண்ட் பரவாயில்லை. கரடிக்குகையை விட்டுவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. விடவே கூடாதது சேர்வராயன் கோயில். மலையின் உச்சியில், பரந்த புல்வெளிக்கு நடுவே, தலை குனிந்து போகவேண்டிய தாழ்வான குகைக்குள் சேர்வராயரும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். இங்கே வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்களின் (கேரளத்து மலையாளிகள் இல்லை) சாமி. மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றியுள்ள மலைக் கிராமங்கள் எல்லாம் அங்கே கூடிவிடும். சாதாரண நாளில் நீங்களும் காற்றும்தான். அந்த மேட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு பிளாஸ்டிக்கை அங்கேயே போட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. கொண்டுபோன பையிலேயே திரும்பக் கொண்டுவருவதில் என்ன கஷ்டம்?

செடி கொடியில் ஆர்வம் இருந்தால் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போங்கள், பூச்சி பிடித்துத் தின்னும் குடுவைச் செடியைக் குழந்தைகள் அங்கே நேரில் பார்க்கலாம்.

ஆனாலும் ஏற்காட்டில் எனக்குப் பிடித்த வேலை நடப்பதுதான். நாகலூர் பக்கம் போகிற ரோட்டில் காலையில் நடந்தால் இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, நிழலில் காபிச் செடி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் கொண்டுவந்து நட்ட காபிதான் பிறகு இந்த மலையின் பிழைப்பாகவே ஆகிவிட்டது. தோட்டங்கள் தனியார் சொத்து, வேலி தாண்டாதீர்கள். சாயங்காலம் இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள், காட்டெருமை நடமாட்டம் உண்டு.

சாப்பாட்டில் பெரிய எதிர்பார்ப்போடு போகவேண்டாம். சுடச்சுட மிளகாய் பஜ்ஜி, ஏரியோரக் கடைகளில், குளிருக்கு அது போதும். மற்றபடி சாதாரண மெஸ் சாப்பாடுதான், மோசமில்லை. நாக்குக்கு ருசியாக ஏதாவது வேண்டுமென்றால் திரும்பும்போது சேலத்தில் தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வாங்க வேண்டியது காபித்தூளும் மிளகும். காபித்தூளைக் கண்ணாடிப் பெட்டியில் அழகாக அடுக்கியிருக்கும் கடையில் வாங்காமல், அரைத்துக் கொடுக்கும் கடையில் வாங்குங்கள். சிக்கரி எவ்வளவு கலக்கிறார்கள், எப்போது வறுத்தது என்று கேளுங்கள், கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இறங்குவதற்கு நேரம் இருந்தால் வந்த வழியே போகாமல் கொட்டச்சேடு, குப்பனூர் வழியாக இறங்குங்கள். கொஞ்சம் சுற்றுதான், ஆனால் வண்டி குறைவு, காடு அடர்த்தி. கிளம்பும் முன் அந்த ரோடு திறந்திருக்கிறதா என்று மட்டும் ஒண்டிக்கடையில் நிற்கும் டிரைவர்களிடம் விசாரித்துவிடுங்கள்.