வலது கதவு பாடாத ஒரு வருஷம்

போன வாரம் தென்காசியில் இருந்து சேக்காளி ஒருவன் போனில் கேட்டான். "மாப்ள, நீதான் நாள் பூரா பாட்டு கேட்டுக்கிட்டே வண்டி ஓட்டுறவன். 2025ல வந்த ஆல்பத்துல எது உருப்படி? ஒரு அஞ்சு சொல்லு." ஒரு மாதம் முன்னால் கேட்டிருந்தால் மூச்சு விடாமல் சொல்லியிருப்பேன். இப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது. எல்லாம் ஒரு முழ ஒயரால் வந்த வினை.

எனக்கு வேலை பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியாகக் கேரளத்துப் புனலூரில் இறக்குவது. வாரத்தில் ஆறு நாள், குட்டியானையில். புளியரை எஸ் வளைவு ஏறிவிட்டால் போன் சிக்னல் வரும், போகும். அதனால் எனக்கு எல்லாம் பென் டிரைவ்தான். மலையில் லோடோடு வேகமாகப் போக முடியாது, பாட்டு மாற்றக் கையும் ஒழியாது. ஒரு ஆல்பம் ஓட ஆரம்பித்தால் கழுதுருட்டி பதிமூணு கண்ணறைப் பாலம் தெரிகிறவரை அதுதான் ஓடும். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒருவன் வரிசையாகக் கேட்பது இந்தக் காலத்தில் எங்களை மாதிரி ஆட்கள் மட்டும்தான் என்று கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

மழை நேரத்தில் என் பக்கத்துக் கதவுக் கண்ணாடி இறங்காமல் மாட்டிக்கொண்டது. செங்கோட்டையில் வயரிங் பார்க்கிறவர் கதவுத் தகட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இந்த ஸ்பீக்கர் எப்பச் செத்துச்சு?" என்றார்.

"பாடிக்கிட்டுதான இருக்கு?"

"பாடுறது அந்தப் பக்கத்துது."

கதவு கீல் பக்கம், ரப்பருக்குள்ளே ஒயர் அறுந்து கிடந்தது. முனையெல்லாம் பச்சை பூத்திருந்தது. எப்படியும் ஒரு வருஷம் இருக்கும் என்றார். அதாவது, நான் "இந்த வருஷம் எனக்குப் பிடித்தது" என்று வாய் கிழியப் பேசியதெல்லாம் பாதி இசையைக் கேட்டுவிட்டுப் பேசியது.

இது எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பீர்கள். பாடுகிறவர் குரலைப் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சமமாகத்தான் வைப்பார்கள். ஒரு பக்கம் செத்தாலும் குரல் குறையாது. வலது பக்கமாகத் தள்ளி வைத்த வாத்தியங்கள்தான் சத்தமில்லாமல் காணாமல் போகும். இல்லாத ஒன்றை இல்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதுவும் சீட்டுக்கு அடியில் இன்ஜின் உறுமும்போது.

செட் மாட்டிக் கொடுத்த கடை மேல் கோபம் வந்தது. பெயர் வேண்டாம். நியாயமாகப் பார்த்தால் ஒரு நாளைக்கு நாற்பது தடவை கதவைத் திறந்து மூடுகிறேன், எந்த ஒயரும் அறுந்துதான் போகும். ஆனாலும் நாலு விரக்கடை கூடுதலாக விட்டிருந்தால் குறைந்தா போயிருப்பான்?

சரி, ஆல்பங்களுக்கு வருகிறேன். தீபாவளிக்கு வந்த 'பைசன்' படம், நிவாஸ் கே பிரசன்னா இசை. ஒயர் சேர்ந்த பிறகும் பெரிதாக மாறவில்லை. அடி, பேஸ் எல்லாம் நடுவில் நிற்கிற இசை, ஒரு காதில் கேட்டாலும் அதே உதை. 'ரெக்க ரெக்க' பாட்டில் ராப் பாடுகிற அறிவும் கேரளத்து வேடனும் சேர்ந்து வருகிற இடத்தைப் புளியரை செக்போஸ்ட் வரிசையில் நிற்கும்போது கேட்க வேண்டும். அங்கே எல்லாரும் பேசுவது அந்த மாதிரிக் கலப்புத் தமிழ்தான். அதே தீபாவளிக்கு வந்த 'ட்யூட்' கிளீனர் பையனுடையது. 'ஊரும் பிளட்' அவனுக்கு மனப்பாடம், எனக்கு மண்டையிடி. இப்போது இரண்டு பக்கமும் இடிக்கிறது.

'லோகா' விஷயத்தில் நான் பாவம் செய்தவன். ஓணத்துக்கு அந்த மலையாளப் படம் வந்தபோது புனலூரில் கடைக்குக் கடை ஜேக்ஸ் பிஜோய் பாட்டுதான். நானும் ஏற்றினேன். என் வண்டியில் நடுநடுவே சத்தம் அமுங்கி அமுங்கி வந்தது. ஃபைல் சரியில்லை என்று மூன்றாம் நாளே அழித்துவிட்டேன். வலது பக்கம் ஓடிப்போன சத்தம் அது. இப்போது திரும்ப ஏற்றிக் கேட்கிறேன். காடு இரண்டு கண்ணாடி வழியாகவும் உள்ளே வருகிறது.

'தக் லைஃப்'தான் சிக்கல். 'முத்த மழை'யை ஆல்பத்தில் பாடியது தீ என்கிற பாடகி. பாடல் வெளியீட்டு மேடையில் சின்மயி பாடிய பிறகு ஊரே இரண்டாகப் பிரிந்தது, அப்புறம் அவர் குரலிலும் வெளியிட்டார்கள். ஆரியங்காவு டீக்கடைச் சேட்டன் சின்மயி கட்சி. "அண்ணாச்சிக்குச் செவி இல்லா" என்பார். நான் தீ கட்சி. அந்தக் குரல் சுற்றிலும் ஆளில்லாத வீட்டில் தனியாக உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கிறது, ரஹ்மான் எவ்வளவு அடக்கமாக வாசித்திருக்கிறார் என்று ஒரு வருஷம் வாதாடினேன். ஒயர் மாட்டிய அன்று கேட்டால் வீடு நிறைய ஆள். நான் புகழ்ந்த அடக்கம் அறுந்த ஒயருடையது. சேட்டன் சொன்னது ஒரு விதத்தில் சரிதான், ஒரு செவி இல்லைதான்! அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஐந்தாவது 2025இல் வந்ததே இல்லை. ஆனால் வருஷம் முழுக்க அதிகம் ஓடியது அதுதான் என்பதால் சேர்க்காமல் இருக்க முடியாது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்', 1986. தியாகராஜருக்கும், பாக் என்கிற ஜெர்மன் இசைமேதைக்கும் காணிக்கை என்று போட்ட ஆல்பம், வி.எஸ். நரசிம்மன் வயலின். பாட்டு வரிகள் கிடையாது, அதனால் நடுவில் நிற்கக் குரலும் கிடையாது. பாதி போனால் போனதுதான். அதில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்', அடுத்து 'அண்ட் வீ ஹேட் எ டாக்'. பாக் வீட்டுக்கு வந்தார், பேசிக்கொண்டிருந்தோம் என்கிறார் ராஜா. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போன் பேசுவதைக் கேட்கிற மாதிரி, அந்தப் பேச்சில் ஒரு பக்கத்தை மட்டும் நான் ஒரு வருஷம் கேட்டிருக்கிறேன். இப்போது பதில் வருகிறது. முதல் தடவை வந்தபோது தென்மலைக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். தக்காளி காத்திருந்தது.

கணக்குப் போட்டால் முதலிடம் அதற்குத்தான். லோகா இரண்டு, பைசன் மூன்று. ஆனால் சேக்காளிக்கு எழுதி அனுப்பும்போது கை தானாக 'தக் லைஃப்' என்றுதான் முதலில் போட்டது. திருத்தவில்லை.

நேற்று விடியற்காலை சாரல். எஸ் வளைவு ஏறும்போது செட்டில் பேலன்ஸ் பட்டனைத் தேடி இடது பக்கமே கடைசி வரை தள்ளிவிட்டு 'முத்த மழை'யைப் போட்டேன். பழைய வீடு, பழைய தனிக் குரல். தூங்கிக்கொண்டிருந்த கிளீனர் பையன் கண்ணைத் திறந்து, "அண்ணே, அந்தப் பக்கம் மறுபடி செத்துருச்சு போல" என்றான்.