பேத்தாலஜிக்குப் புது ரெசிடென்ட்: மார்க்கா, கண்ணா, கையா, பழக்கமா?

திசுவையும் ரத்தத்தையும் பரிசோதித்து நோயைக் கண்டறியும் பேத்தாலஜியில், ரெசிடென்ட் பயிற்சிக்கு மருத்துவர்களை எடுக்கும் நேரம் வந்தால் துறைக்குள் ஒரே வாக்குவாதம்தான். ஒருவர் மார்க் பட்டியலை எடுத்து வைப்பார். இன்னொருவர் ‘இவர் ஏற்கெனவே ஸ்லைடு பார்த்துப் பழகியவர், நல்ல கண்’ என்பார். அடுத்தவருக்கு ஆராய்ச்சிக் கட்டுரை முக்கியம், அதற்கும் அடுத்தவருக்கு ஆள் எப்படிப் பழகுகிறார் என்பது முக்கியம். இதில் எதுவுமே வீண் இல்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே எடை கொடுப்பதும் சரியில்லை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் வருடத்தில் ஒருவருக்குத் தெரியாதது, ஒழுங்காக வேலை செய்தால் பயிற்சி முடிவதற்குள் தெரிந்துவிடும். கேஸைப் பாதியில் விட்டுவிட்டு நகர்கிற பழக்கம் இருக்கிறதே, அது கடைசி வருடத்திலும் அப்படியே நிற்கும். அதை வைத்துத்தான் ஒவ்வொரு ஜோடியையும் பார்க்கப் போகிறேன்.

நிறையப் படித்து வந்தவரா, கிராஸிங் மேசையில் பொறுமையாக நிற்பவரா?

படித்து வந்தவரின் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கட்டிகளின் வகைப்பாடு தெரியும், எந்த ஸ்டெயின் (சாயம்) எதற்கு என்று தெரியும், சைன்-அவுட்டில், அதாவது சீனியரோடு ஸ்லைடு பார்த்து ரிப்போர்ட்டை முடிவு செய்யும் நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சு வேகமாக நகரும். ஆனால் புது ரெசிடென்டின் முதல் மாதங்களில் பெரும்பகுதி ஓடுவது மைக்ராஸ்கோப்பில் இல்லை, அறுவை சிகிச்சையில் எடுத்த உறுப்பை வெட்டிப் பார்த்து ஸ்லைடுக்கான துண்டுகளை எடுக்கும் கிராஸிங் அறையில். ஜெர்மன் மருத்துவர் விர்கோ 1858-இல் நோயைச் செல்லில் தேடச் சொன்னார், சரி, ஆனால் அந்தச் செல் ஸ்லைடுக்கு வந்து சேர வேண்டுமே. அதைக் கொண்டுவந்து சேர்ப்பது கத்தியும் ஃபார்செப்ஸும் பிடித்து நிற்கிற இந்தப் புது ஆள்தான்.

தைராய்டில் உறையோடு கூடிய ஒரு ஃபாலிக்குலர் கட்டி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அடினோமாவா (தீங்கற்றதா) கார்சினோமாவா (புற்றுநோயா) என்பதைச் செல்லின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கட்டி உறையைத் துளைத்திருக்கிறதா, ரத்தக் குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. கட்டியின் நடுவிலிருந்து அழகான துண்டுகளாக எடுத்து கேசட்டில் (துண்டுகளை வைக்கும் சின்னப் பெட்டியில்) போட்டு, உறையும் கட்டியும் சந்திக்கும் விளிம்பைக் கொஞ்சமாக மட்டும் எடுத்தவர் எவ்வளவு படித்திருந்தாலும் பயனில்லை. அந்த நோயாளியின் விடை வாளியிலேயே தங்கிவிட்டது. அன்று இதையெல்லாம் அவ்வளவு படிக்காதவர், சீனியரிடம் ‘இதில் எந்த இடம் முக்கியம்?’ என்று கேட்டு, விளிம்பைச் சுற்றிச் சுற்றி எடுத்திருந்தால் விடை ஸ்லைடில் இருக்கும்.

பெருங்குடல் புற்றுநோயும் அப்படித்தான். குறைந்தது 12 நிணநீர் முடிச்சுகளைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. கொழுப்புக்குள் விரலால் தடவித் தடவித் தேடுகிற வேலை, அலுப்பாகத்தான் இருக்கும். ஆறு கிடைத்ததும் ‘இவ்வளவுதான் இருக்கிறது’ என்று மேசையைத் துடைப்பவரும் உண்டு, மறுபடி கொழுப்பை மெல்லிசாக வெட்டிப் பார்ப்பவரும் உண்டு. ஒரே ஒரு முடிச்சில் கட்டி இருந்தாலும் நோயின் நிலை மாறும், கீமோதெரபி பற்றிய முடிவும் மாறலாம். புத்தகம் இந்த 12 என்ற எண்ணைச் சொல்லித்தரும். மேசையில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்க அது சொல்லித்தராது.

திசுவை அழுகாமல் பதப்படுத்தும் ஃபார்மலின் விஷயம் இன்னும் சாதாரணமானது, இன்னும் அதிகமாகக் கோட்டைவிடப்படுவது. அது திசுவுக்குள் மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேகத்தில்தான் ஊடுருவும். பெரிய மார்பகத் திசுவை வெட்டித் திறக்காமல் அப்படியே டப்பாவில் ஊறப்போட்டால் வெளிப்பக்கம் பதமாகும், நடுவில் கட்டி இருக்கிற இடம் அழுக ஆரம்பிக்கும். மார்பகப் புற்றுநோய்க்கு எந்த மருந்து என்று முடிவு செய்ய உதவும் ஹார்மோன் ஏற்பி, ஹெர்2 பரிசோதனைகளுக்கு 6 மணி முதல் 72 மணி வரை ஃபார்மலினில் இருக்க வேண்டும் என்ற விதி சும்மா வரவில்லை; அதில் தவறினால் நோயாளிக்குக் கிடைக்க வேண்டிய மருந்தே கைமாறிப் போகலாம். மாலையில் தாமதமாக வந்த டப்பாவைப் பார்த்ததும் மார்ஜினுக்கு (சர்ஜன் வெட்டிய விளிம்புக்கு) இங்க் பூசி, வெட்டித் திறந்து, நேரத்தைக் குறித்துவிட்டுக் கிளம்புகிறவரா, ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று அலமாரியில் வைக்கிறவரா? நேர்காணலில் இதைக் கண்டுபிடிக்க முடிந்தால் நான் வேறு கேள்வியே கேட்க மாட்டேன்.

இந்த ஜோடியில் என் ஓட்டு மேசைக்காரருக்கு. இரண்டும் ஒருவரிடமே இருந்தால் கேட்கவே வேண்டாம், ஆனால் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் இதைத்தான்.

சட்டென்று பெயர் சொல்பவரா, முதலில் விவரிப்பவரா?

இங்கே கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டும், ஏனென்றால் பார்த்ததும் அடையாளம் காண்கிற திறமை நிஜமானது. அனுபவமுள்ள பேத்தாலஜிஸ்ட் பாதி கேஸ்களை அப்படித்தான் பார்க்கிறார். சில புதியவர்களுக்கும் அது சீக்கிரமே வருகிறது, பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். பிரச்சினை எங்கே என்றால், பெயர் வாயிலிருந்து விழுந்த அடுத்த நொடியே கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. அதற்குப் பிறகு ஸ்லைடில் இருப்பதெல்லாம் அந்தப் பெயருக்குச் சாட்சியாக மட்டுமே தெரியும்.

நோடுலர் ஃபேசியைட்டிஸ் என்ற மென்திசுக் கட்டி நல்ல உதாரணம். சில வாரங்களிலேயே வேகமாக வளரும், மைட்டோசிஸ் (செல் பிரிதல்) நிறைய இருக்கும், செல்கள் நெருக்கமாக இருக்கும். அவசரக் கண்ணுக்கு அது சார்கோமா என்ற புற்றுநோய். ஆனால் அது தீங்கற்றது, பல நேரம் தானாகவே அடங்கிவிடும். விவரிப்பவர் என்ன செய்வார்? முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் மொத்தத்தையும் பார்ப்பார், அளவு சின்னது என்பார், தோலுக்குக் கீழே அதிக ஆழமில்லாமல்தான் இருக்கிறது என்பார், மைட்டோசிஸ் உண்டு ஆனால் விகாரமானவை இல்லை என்பார், ரிக்விசிஷனில் (திசுவோடு டாக்டர் அனுப்பும் விவரச் சீட்டில்) ‘மூன்று வாரமாக’ என்று எழுதியிருப்பதைச் சத்தமாகப் படிப்பார். கடைசியில் அவருக்குப் பெயர் தெரியாமலே போகலாம். பரவாயில்லை, அவர் சொன்னதைக் கேட்டே பக்கத்தில் இருக்கிறவர் பெயரைச் சொல்லிவிடுவார். ரேடியேஷன் வாங்கிய திசுவும் இப்படித்தான், நியூக்ளியஸ் எல்லாம் பூதாகரமாக இருக்கும், ரிக்விசிஷனைப் படிக்காதவர் மிரண்டுபோவார்.

முதல் வருடத்துக்கு விவரிப்பவர்தான் வேண்டும். வேகம் பிறகு தானாக வரும். வேகமாக ஆரம்பித்தவருக்கு விவரிக்கக் கற்றுக்கொடுக்கவும் முடியும், முடியாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவர் சரியாகச் சொன்ன கேஸ்கள் கூடக் கூட அது கடினமாகிக்கொண்டே போகும்.

எல்லாவற்றையும் கேட்பவரா, தானே பார்த்துக்கொள்பவரா?

துறைகளில் தானே பார்த்துக்கொள்பவருக்குத்தான் மதிப்பு அதிகம், தொந்தரவு இல்லாதவர் என்று. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. வெளியே போகும் ரிப்போர்ட்டில் கன்சல்டன்டின் கையெழுத்து இருக்கும், ஆனால் கிராஸிங்கில் எந்தப் பக்கம் மேல், எந்தத் தையல் எதைக் குறிக்கிறது என்று தெரியாமல் வெட்டிவிட்டால் அந்தக் கையெழுத்தால் எதையும் திரும்ப ஒட்ட முடியாது. ஸ்லைடை மறுபடி பார்க்கலாம், பிளாக்கிலிருந்து (திசுவைப் பதித்த மெழுகுக் கட்டியிலிருந்து) இன்னும் லெவல்ஸ் (ஆழமான சீவல்கள்) வெட்டச் சொல்லலாம், வெட்டிய உறுப்பை வெட்டாத உறுப்பாக்க முடியாது. ஆகவே கத்தி வைப்பதற்கு முன் கேட்பவர் வேண்டும். சர்ஜனுக்கே போன் போட்டு ‘இந்த நீளத் தையல் எந்தப் பக்கம்?’ என்று கேட்கிறவர் இன்னும் நல்லது.

அதே சமயம் கேட்பதிலும் வகை உண்டு. ஸ்லைடு ட்ரேயைத் திறக்காமலே ‘இது என்ன?’ என்று வந்து நிற்பவரிடம் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் இருக்க வேண்டும். முதல்நாளே ஸ்லைடுகளைப் பார்த்து, தவறாகவே இருந்தாலும் தன் டயக்னோசிஸை எழுதிவைத்து, அப்புறம் சைன்-அவுட்டுக்கு வருபவர் ஒவ்வொரு கேஸிலும் கற்றுக்கொள்கிறார், ஏனென்றால் எங்கே பிசகியது என்று அவருக்கே தெரிகிறது. எழுதாமல் வருபவர் ‘நானும் அதைத்தான் நினைத்தேன்’ என்று தன்னையே நம்பவைத்துவிடுவார்.

வார்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவரா, நேராக வந்தவரா?

அறுவை சிகிச்சையிலோ பொது மருத்துவத்திலோ சில காலம் இருந்துவிட்டு வருபவர்களுக்கு ஒரு பெரிய நன்மை: ரிப்போர்ட்டை யார், எந்த மனநிலையில் படிக்கிறார்கள் என்று தெரியும். ‘மார்ஜினில் கட்டி இருக்கிறது’ என்ற ஒரு வரி மறுபடி ஓர் அறுவை சிகிச்சை என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரத்தப் பரிசோதனைப் பக்கத்திலும் இது உதவும். நல்லபடியாக இருக்கிற ஒருவருக்குத் தட்டணுக்கள் திடீரென்று பயங்கரக் குறைவு என்று மெஷின் காட்டினால், வார்டைப் பார்த்தவர் ‘ஆளுக்கும் எண்ணுக்கும் பொருந்தவில்லையே’ என்று உடனே ஸ்மியரைக் (ஸ்லைடில் மெல்லிசாகப் பூசிய ரத்தத்தை) கேட்பார். ரத்தம் உறையாமல் இருக்க ஈடிடிஏ சேர்த்த குழாயில் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மெஷினை ஏமாற்றும், சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்தால் பல நேரம் எண்ணிக்கை சரியாக வந்துவிடும். அதைக் கவனிக்காமல் ரிப்போர்ட் போனால் தேவையே இல்லாத சிகிச்சை ஆரம்பமாகலாம்.

நேராக வந்தவருக்கு இது தெரியாது, ஆனால் அவருக்கு வேறொரு நன்மை, இந்த வேலையின் மெதுவான தாளத்தோடு அவர் சண்டை போடுவதில்லை. வார்டிலிருந்து வந்த சிலருக்கு ஒரு நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்வது, நோயாளியின் முகம் பார்க்காமல் இருப்பது எல்லாம் மாதக்கணக்கில் உறுத்தும், நடுவில் விட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. இந்த ஜோடி சமம்தான். ஏன் மாறி வருகிறார் என்பதற்கு அவர் சொல்லும் காரணத்தைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்: முந்தைய துறையைப் பற்றிய புகாராகவே இருந்தால் யோசிக்கலாம், பேத்தாலஜியில் தான் பார்த்த ஏதோ ஒன்றைப் பற்றிப் பேசினால் எடுத்துக்கொள்ளலாம்.

கட்டுரைகள் எழுதியவரா எழுதாதவரா என்பதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். எழுதியதைப் பற்றி ஐந்து நிமிடம் விளக்கச் சொல்லுங்கள், வேலை அவருடையதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

அமைதியானவரா, பேசுபவரா?

‘எனக்கு ஆட்களோடு பேசப் பிடிக்காது, அதனால் பேத்தாலஜி’ என்று ஒரு நினைப்பு மாணவர்களிடம் இருக்கிறது. இது பாவம், அவர்களையே ஏமாற்றும். 1905-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லூயி வில்சன், திசுவை உறையவைத்து உடனே பார்க்கும் ஃப்ரோசன் முறையை வழக்கமான நடைமுறையாக்கிய காலத்திலிருந்தே, நோயாளி அறுவை சிகிச்சை மேசையில் இருக்கும்போதே பேத்தாலஜிஸ்ட் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்றைக்கு 20 நிமிடம் என்பது வழக்கமான இலக்கு. அந்த நேரத்துக்குள் திசுவை உறையவைத்து, வெட்டி, ஸ்டெயின் செய்து, பார்த்து, சர்ஜனிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். ‘இதில் முடிவு சொல்ல முடியாது, இன்னொரு துண்டு அனுப்புங்கள்’ என்று தயங்காமல் சொல்லவும் வேண்டும். இதற்குக் கலகலப்பு தேவையில்லை. அமைதியானவர் நேராகப் பேசினால் போதும். டெக்னீஷியன்களிடம் மரியாதையாக இருக்கிறாரா என்பது அதைவிட முக்கியம். பிளாக் வெட்டுகிறவருக்குத் தெரிந்த விஷயங்களில் பாதி எந்தப் பாடநூலிலும் இல்லை, மரியாதை தெரியாதவருக்கு அவர்கள் அதைச் சொல்லப்போவதும் இல்லை.

அப்புறம், யாரை எடுப்பது?

ஒரே ஓர் இடம் மீதி, கையில் இரண்டு பேர் என்றால் நான் இப்படி ஒரு கேஸை முன்னால் வைப்பேன். சாதாரணமான ஒரு பயாப்ஸி, எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஸ்லைடின் ஓரத்தில் தனியாக ஒரு சின்னத் துண்டில் கட்டி. முதலாமவர் அதைப் பார்த்தவுடன் கட்டியின் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டு நிறுத்துகிறார். இரண்டாமவருக்குப் பெயரில் சந்தேகம், ஆனால் ‘இந்தத் துண்டு இவருடையதுதானா?’ என்று கேட்கிறார். பிளாக்கை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார், மறுபடி வெட்டினால் அங்கே அந்தத் துண்டு இருக்கிறதா என்கிறார், இதற்கு முன்னால் அதே மேசையில் எந்த கேஸ் வெட்டப்பட்டது, ஸ்டெயின் தொட்டியில் கூடப் போன ஸ்லைடுகள் எவை என்று விசாரிக்க வேண்டும் என்கிறார். வேறொருவரின் திசு மிதந்து வந்து ஒட்டிக்கொள்வது அரிதான விஷயம் இல்லை, பேத்தாலஜியில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அதைக் கவனிக்காமல் போனால் புற்றுநோயே இல்லாத ஒருவருக்குப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் போகும்.

நான் இரண்டாமவரை எடுப்பேன், முதலாமவரின் மார்க் எவ்வளவு அதிகமாக இருந்தாலும். கட்டியின் பெயரை அடுத்த வாரமே நாங்கள் சொல்லித்தந்துவிடுவோம்.