சுறாவைக் கொல்வதா, அடையாளமிட்டு விடுவதா?

மேற்கு ஆஸ்திரேலியாவில் 2010 முதல் 2013 வரை ஏழு பேர் சுறா தாக்கி இறந்தார்கள். மக்கள் பயந்ததில் தப்பே இல்லை. 2014 தொடக்கத்தில் அரசு கடற்கரைகளை ஒட்டி இரைத் தூண்டில்களைப் போட்டது. மூன்று மீட்டருக்கு மேற்பட்ட பெரிய சுறா சிக்கினால் சுட்டுக் கொல்ல உத்தரவு. சிக்கியவை 172, செத்தவை 68. பெரும்பாலும் புலிச் சுறாக்கள்தான். எதற்குப் பயந்து தூண்டில் போட்டார்களோ, அந்தப் பெரிய வெள்ளைச் சுறா ஒன்றுகூட மாட்டவில்லை. ஹவாயிலும் 1959 முதல் 1976 வரை 4,668 சுறாக்களைக் கொன்றார்கள். தாக்குதல் குறைந்ததாகத் தெரியவில்லை.

ஆஸ்திரேலியாவின் இன்னொரு மாநிலமான நியூ சவுத் வேல்ஸிலும் தூண்டில்தான், ஆனால் கொல்வதற்கில்லை. சுறா இரையை இழுத்ததும் ஒரு காந்தம் கழன்று, செயற்கைக்கோள் வழியாகப் படகுக்காரர்களுக்குத் தகவல் போகிறது. அரை மணி நேரத்துக்குள் போய், சுறாவைப் படகோரம் பிடித்து, சமிக்ஞை அனுப்பும் அடையாளக் கருவி பொருத்தி, கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் தொலைவில் கடலில் விடுகிறார்கள். அப்புறம் அது கரைப்பக்கம் வந்தால், அங்குள்ள மிதவை கண்டறிந்து, நீந்துகிறவர்களின் அலைபேசிக்கு எச்சரிக்கை போகும்.

செலவு அதிகம், கடல் கொந்தளித்தால் தூண்டில் போட முடியாது. ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். நீந்தப் போகிறவருக்குத் தேவை, இப்போது தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்ற தகவல். கருவி பொருத்தாத சுறாவை மிதவை அறியாது. அதற்காகவே அங்கே ட்ரோன்களையும் பறக்கவிடுகிறார்கள்.